'ஊரா, காலனியா?': பெயர்ப்பலகை மாறினால் கேள்வி மாறுமா?

டெலிவரி ஆப்பில் ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருக்கிறீர்கள். போன் வருகிறது. "சார், காலனிக்குள்ள வரணுமா?" சென்னையில் ஏதோ ஒரு ரயில்வே காலனியிலோ பேங்க் ஊழியர் காலனியிலோ நீங்கள் இருந்தால், "ஆமாங்க, ரெண்டாவது லெஃப்ட்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பீர்கள். அந்தக் கேள்வி உங்களை ஒன்றுமே செய்யாது.

இப்போது ஒரு கிராமத்துப் பேருந்து நிறுத்தத்துக்கு வாருங்கள். டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர், புதிதாக வந்த பையனிடம் கேட்கிறார்: "தம்பி, நீ ஊரா, காலனியா?" அவர் கேட்பது முகவரி இல்லை, சாதி. அந்தப் பையனுக்கும் அது தெரியும்.

ஒரே சொல். ஒரு இடத்தில் பின்கோடு மாதிரி, இன்னொரு இடத்தில் முதுகில் ஒட்டிய சீட்டு மாதிரி. அதனால்தான் 2025 ஏப்ரல் 29 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டப்பேரவையில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். தீண்டாமையின் குறியீடாக, வசைச்சொல்லாக அது மாறிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். அதே ஆண்டு அக்டோபரில் சாதிப் பெயர் கொண்ட தெருக்கள், குடியிருப்புகளின் பெயர்களை மாற்ற அரசாணையும் வந்தது.

உடனே சோஷியல் மீடியாவில் இரண்டு கட்சி. "காலனின்னா வெறும் குடியிருப்புதானே, இதுல என்ன இருக்கு?" என்றது ஒன்று. "பேரை மாத்தினா எல்லாம் மாறிடுமா?" என்றது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் அந்தச் சொல் நடந்துவந்த பாதையிலேயே இருக்கிறது.

உழவரிடமிருந்து வந்த சொல்

லத்தீனில் 'கொலோனஸ்' என்றால் நிலத்தை உழுபவர். அதிலிருந்து 'கொலோனியா'. ரோமானியர்கள் தாங்கள் பிடித்த நாடுகளில், ஓய்வுபெற்ற வீரர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்திய ஊர்களுக்கு அந்தப் பெயர். ஜெர்மனியின் கொலோன் நகரம் அந்தச் சொல்லையே இன்றுவரை பெயராகச் சுமந்து நிற்கிறது.

பிறகு ஐரோப்பியக் கப்பல்கள் கிளம்பின. அடுத்தவர் நாட்டைப் பிடித்து ஆள்வதற்கும் அதே சொல். இலங்கை 1802இல் பிரிட்டிஷ் முடியாட்சிக் காலனி ஆனது. புதுச்சேரி பிரெஞ்சுக் காலனி. 'காலனியாதிக்கம்' என்று நாம் பள்ளியில் படித்தது இதைத்தான்.

அறிவியலுக்கு வேறு அர்த்தம். எறும்புகள், தேனீக்கள், பென்குயின்கள் கூட்டமாக வாழ்ந்தால் காலனி. ஆய்வகத் தட்டில் பாக்டீரியா புள்ளி புள்ளியாக வளர்ந்தாலும் காலனி. மெக்சிகோ நகரத்தில் 'கொலோனியா' என்றால் சாதாரணமாக ஒரு பேட்டை, அவ்வளவுதான்.

டெல்லிக்குப் போனால் கதை தலைகீழ். டிஃபென்ஸ் காலனி, நியூ ஃப்ரெண்ட்ஸ் காலனி என்றால் அங்கே வீடு வாங்கச் சொத்தை விற்க வேண்டும். அதே டெல்லியில் குடிசைகளை அகற்றி மக்களைக் கொண்டுபோய் விட்ட இடத்துக்குப் பெயர் 'மறுகுடியமர்வுக் காலனி'. சொல்லுக்கு முன்னால் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை வைத்துத்தான் மரியாதை.

(நம் ஊர்ப் பலகைகளில் மூணு சுழி 'ண' போட்டு 'காலணி' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது செருப்பு. குடியிருப்புக்கு ரெண்டு சுழி 'ன'.)

கிராமத்துக்குள் எப்படி வந்தது?

'காலனி' வருவதற்கு முன் அந்த இடத்துக்குப் பெயர் 'சேரி'. இன்றைக்கு அதைக் கேட்டாலே காதைச் சுடுகிறது. ஆனால் அதன் வேர் 'சேர்'. சேர்ந்து வாழும் இடம் சேரி, அவ்வளவுதான். புதுச்சேரி என்றால் புதிய குடியிருப்பு.

10ஆம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டை எல்லோரும் குடவோலைத் தேர்தலுக்காகப் பேசுவோம். அந்த ஊர் 12 சேரிகளாகவும் 30 குடும்புகளாகவும் பிரிந்திருந்தது என்று அதே கல்வெட்டு சொல்கிறது. உத்திரமேரூர் அப்போது ஒரு பிராமண ஊர். அதாவது அன்றைக்குச் சேரியில் இருந்தவர்கள் நிலமும் சபையும் வைத்திருந்தவர்கள்.

அதற்கு நூறாண்டுக்குள், ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் வரி விலக்கு நிலங்களைப் பட்டியலிடும்போது, ஊர்நத்தம் ஒரு பக்கம், பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி என்று தனித்தனியாக எழுதுகின்றன. சொல்லில் பிரச்சினையே இல்லை. அதற்குள் யாரை வைத்தார்கள், அவர்களை எவ்வளவு தூரத்தில் வைத்தார்கள் என்பதில்தான் பிரச்சினை. காலப்போக்கில் மற்றவர்கள் எல்லாம் 'தெரு', 'அக்கிரகாரம்' என்று நகர்ந்துவிட, 'சேரி' ஒரு தரப்பின் மேல் மட்டும் ஒட்டிக்கொண்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசு வீட்டுமனை கொடுத்தது. 1974இல் தாட்கோ தொடங்கப்பட்டு வீடுகள் கட்டப்பட்டன. 1978இல் இதற்கு நிலம் எடுக்கவே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் தலைப்பிலேயே 'ஹரிஜன்' என்ற சொல் இருக்கிறது. வரிசையாகக் கட்டிய தொகுப்பு வீடுகளுக்கு 'ஹரிஜன் காலனி', பிறகு 'ஆதிதிராவிடர் காலனி', கடைசியில் பேச்சுவழக்கில் வெறும் 'காலனி'.

நோக்கம் நல்லதுதான். மண்சுவரும் ஓலைக்கூரையும் போய் கான்கிரீட் வந்தது. ஆனால் பல ஊர்களில் மனை ஒதுக்கியது எங்கே? பழைய சேரியை ஒட்டி, ஊருக்கு வெளியே. எந்தத் தூரத்தை அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒழித்ததோ, அந்தத் தூரத்துக்கு அரசே பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. அந்த நாளிலிருந்து 'ஊர்' என்றால் ஒரு பக்கம், 'காலனி' என்றால் இன்னொரு பக்கம்.

ஆகவே "காலனின்னா குடியிருப்புதானே" என்பவர்களுக்கு: ஒரு சொல்லின் அர்த்தம் அகராதியில் மட்டும் இல்லை. அதை யார், யாரைப் பார்த்து, எந்தக் குரலில் சொல்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது.

கேரளா சொல்லும் பாடம்

இதில் நம்மைவிடக் கேரளா ஒரு வருடம் முன்னால். 2024 ஜூனில் அப்போதைய அமைச்சர் கே.ராதாகிருஷ்ணன், எம்.பி. ஆனதால் பதவி விலகும் முன், தலித், பழங்குடிக் குடியிருப்புகளுக்கு 'காலனி' உள்ளிட்ட சில சொற்களை இனி பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டார். அந்தப் பட்டியலில் இன்னொரு சொல்லும் இருந்தது: 'ஊரு'.

ஆமாம், நம் 'ஊர்'தான். இங்கே 'நான் ஊர்' என்பது மேல்தட்டு அடையாளம். மலையைத் தாண்டினால் பழங்குடிக் குடியிருப்பைத் தாழ்த்திச் சொல்லும் பெயராகிவிட்டது என்று அதே சொல்லை எடுக்கிறார்கள்.

நமக்கு எச்சரிக்கையும் இதில்தான். 'சேரி' போய் 'ஹரிஜன் காலனி' வந்தது. 'ஹரிஜன்' போய் 'ஆதிதிராவிடர்' வந்தது. ஒவ்வொரு முறையும் புதுச்சொல் மரியாதையோடுதான் உள்ளே வந்தது. சில வருடங்களில் அதற்கும் பழைய அழுக்கு ஏறிவிட்டது. நாளைக்கு எல்லாக் காலனியும் 'நகர்' ஆகலாம். "நீ ஊரா, நகரா?" என்று அதே டீக்கடையில் கேட்க எவ்வளவு நாளாகும்?

அப்படியானால் மாற்ற வேண்டாமா?

மாற்ற வேண்டும். என் கருத்தில் சந்தேகமே இல்லை. ஆதார், ரேஷன் கார்டு, மாற்றுச் சான்றிதழ், வேலை விண்ணப்பம் என்று ஒவ்வொரு தாளிலும் தன் சாதியை முகவரியாக எழுதும் நிலை ஒருவருக்கு இருக்கக் கூடாது. ரெஸ்யூமேயைத் திறந்ததும் முகவரியைப் பார்த்து ஒருவர் முடிவெடுக்கும் வாய்ப்பு, அந்த ஒரு வரி மாறினால் குறைகிறது. அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, புதுப் பெயரை அங்கே வாழ்பவர்கள் முடிவு செய்யட்டும். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வைத்த பெயரில் வாழ்ந்தவர்களுக்கு, இந்த முறையும் அலுவலகத்திலிருந்தே பெயர் வந்தால் அதில் என்ன புதுசு?

இரண்டு, பலகையோடு நிறுத்திவிடக் கூடாது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் ஊரைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது 2008இல். புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பரில். அந்தச் சுவரும் இந்தத் தொட்டியும் பெயர் பார்த்தா நின்றன? பெயர் மாறிய ஒவ்வொரு குடியிருப்பிலும் சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்விகள் எளிமையானவை. பஸ் உள்ளே வருகிறதா? சுடுகாட்டுக்குப் பாதை இருக்கிறதா? ஊர்த் தெரு வழியாகப் பிணம் போக முடிகிறதா? அடுத்த மனை ஒதுக்கீடாவது ஊருக்கு நடுவில் நடக்குமா?

இதெல்லாம் அரசின் வேலை. நம் பங்கும் ஒன்று இருக்கிறது. சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போது, "சொந்த ஊர் எது?" என்பதற்கு அடுத்து "ஊர்ல எந்தப் பக்கம்?" என்ற கேள்வி வருவதை நம்மில் பலர் கேட்டிருப்போம். ஆபீஸ் கேன்டீனிலும் அது சிரித்துக்கொண்டே வரும். அடுத்த முறை அது காதில் விழுந்தால், "எதுக்குக் கேக்குறீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். அதற்கு அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.