வீட்டுக்கு ஒரு சின்ன கேமரா



கோடை விடுமுறை வருகிறது. "டீச்சர், டூர் போகும்போது கையோடு கொண்டுபோக ஒரு சின்ன கேமரா வாங்கணும். விலையும் கட்டுப்படியாகணும். எதை வாங்கலாம்?" என்று இந்த மாதம் மட்டும் நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். எங்கள் மதினி மகனும் கேட்டான். ஆளுக்கொரு பதில் எழுதுவதைவிட எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பழகியவர்கள்தானே, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கையில் இருப்பது ஓரளவு நல்ல செல்போன் என்றால், விலை குறைந்த சின்ன கேமரா அதைவிடத் தெளிவான படம் தரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பகலில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். இருட்டில் பெரும்பாலும் போன்தான் ஜெயிக்கும். ஒரு நொடிக்குள் பல படங்களை எடுத்து, ஒன்றாகச் சேர்த்து, இருட்டை வெளுக்க வைக்கிற வேலையை அது தானாகச் செய்துகொள்கிறது. சின்ன கேமராக்கள் பலவற்றுக்கு அந்த அளவு சாமர்த்தியம் கிடையாது.

இருந்தும் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். காரணம் வேறு.

போன் ஒரு ஆளுக்குச் சொந்தமானது. அதற்குப் பூட்டு உண்டு. அதற்குள் பேங்க் இருக்கிறது, ஆபீஸ் இருக்கிறது. அதை எட்டு வயதுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு யாராலும் நிம்மதியாக இருக்க முடியாது. ஆச்சி கையில் கொடுத்தாலோ, எதைத் தொட்டால் என்ன ஆகுமோ என்று அவர்களே பயந்து திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கடைசியில் வீட்டில் யாரிடம் நல்ல போன் இருக்கிறதோ, அவர் மட்டுமே எல்லாப் படத்தையும் எடுக்கிறார். அவர் எந்தப் படத்திலும் இல்லை.

சந்தேகமா? போன தடவை டூர் போய் எடுத்த படங்களைத் திறந்து, ஒவ்வொருவர் முகமும் எத்தனை படத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இன்றைக்குப் பல வீடுகளில் குறைவது அம்மாவின் முகம். அந்தக் காலத்தில் அப்பாவின் முகம். ஆக்ஃபா கிளிக் த்ரீ கேமராவில் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம்தான். அதை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டார்கள். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுக்க வேண்டும் என்ற விதியால், பழைய ஆல்பங்களில் பிள்ளைகளின் காலடியில் ஒரு ஆளின் நிழல் விழுந்திருக்கும். அதுதான் அப்பா. அந்த மனிதர் போன பிறகு மாலை போட ஒரு படம் தேடினால், அடையாள அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்க வேண்டியிருக்கும். இப்படித் தேடிய வீடுகள் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அதனால் வீட்டுக்கு என்று ஒரு கேமரா வேண்டும் என்கிறேன். ஆணியில் தொங்கும் டார்ச் லைட் மாதிரி, யாரும் யாரிடமும் கேட்காமல் எடுத்துப் பயன்படுத்துகிற பொருளாக அது இருக்க வேண்டும். இதை ஒப்புக்கொண்டால் எதை வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

கடையில் செய்ய வேண்டிய முதல் சோதனை இது. வீட்டிலேயே சின்னப் பிள்ளையையும் வயதில் மூத்தவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கேமராவை அவர்கள் கையில் கொடுத்து, ஒன்றும் சொல்லித்தராமல் "ஒரு படம் எடுங்க" என்று சொல்லுங்கள். இரண்டு பேரும் எடுத்துவிட்டால் அந்தக் கேமரா தேர்வு பெற்றது. கையில் மாட்டிக்கொள்ள வார் இருக்கிறதா, பட்டன் விரலுக்குத் தட்டுப்படுகிறதா, எடை முந்நூறு கிராமுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். லென்ஸ் கழற்றி மாட்டுகிற பெரிய கேமராவைக் குடும்பச் சுற்றுலாவுக்கு வாங்காதீர்கள். அது நல்ல பொருள்தான். ஆனால் வாங்கியவர் மட்டும்தான் அதைத் தொடுவார். மறுபடியும் அவர் படத்தில் இருக்க மாட்டார்.

இனி பாடத்துக்கு வருவோம். கடைக்காரர் சொல்கிற மூன்று எண்களைப் புரிந்துகொண்டால் போதும்.

முதல் எண் மெகாபிக்சல். 1975-இல் கோடக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமரா மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடை. அதில் இருந்தவை வெறும் பத்தாயிரம் புள்ளிகள். ஒரு படத்தை கேசட் டேப்பில் பதிக்க அதற்கு 23 நொடி ஆனது. இன்றைக்குப் பெரும்பாலான சின்ன கேமராக்களில் ஒன்றரைக் கோடிப் புள்ளிக்குக் குறையாது. நமக்கு எவ்வளவு வேண்டும்? கணக்குப் போடுங்கள். 6×4 அங்குல பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 1800 × 1200, அதாவது சுமார் 22 லட்சம். ஏ4 அளவுக்கே 87 லட்சம்தான். ஆகவே 16 மெகாபிக்சல் தாராளம். அதற்கு மேல் எண்ணைக் காட்டி விலையை ஏற்றினால் மயங்காதீர்கள்.

இரண்டாவது எண் சென்சாரின் அளவு. பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கும். 1/2.3 அங்குலம் என்று போட்டிருந்தால் அதன் பரப்பு சுமார் 28 சதுர மில்லிமீட்டர். 1 அங்குல வகை என்றால் சுமார் 116. நாலு மடங்கு. மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு செம்பையும் ஒரு அண்டாவையும் வைத்தால் எதில் அதிகத் தண்ணீர் சேரும்? ஒளியும் அப்படித்தான். மாலை நேரத்திலும் வீட்டுக்குள்ளும் பெரிய சென்சார் உள்ள கேமராவின் படம் சுத்தமாக இருக்கும். ஆனால் விலை சட்டென்று ஏறிவிடும். இந்த வகையைப் பிரபலமாக்கிய சோனி ஆர்.எக்ஸ். 100 முதலில் வந்தது 2012-இல். நல்ல நிலையில் பழையது கிடைத்து, தெரிந்தவர் சோதித்துப் பார்த்துக் கொடுத்தால் வாங்கலாம்.

மூன்றாவது எண் ஜூம். இதில்தான் போனைவிடக் கேமரா உண்மையிலேயே மேல். ஆனால் 'ஆப்டிகல்' என்று போட்டிருக்க வேண்டும். அதில்தான் லென்ஸ் நகர்ந்து தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்குகிறது. 'டிஜிட்டல் ஜூம்' என்பது எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது. அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கூந்தன்குளத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால், போனில் பூநாரை ஒரு வெள்ளைப் புள்ளியாகத்தான் விழும். கேனன் பவர்ஷாட் எஸ்.எக்ஸ். 740 போல 40 மடங்கு ஆப்டிகல் ஜூம் உள்ள கேமரா என்றால் அதன் வளைந்த அலகு தெரியும். பானசோனிக் லூமிக்ஸ் டி.இசட். 99-இல் 30 மடங்கு. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். ஜூமை இழுக்க இழுக்க உள்ளே வரும் ஒளி குறையும், கை நடுக்கமும் பெரிதாகும். பொழுது சாய்ந்த பிறகு ஜூமை நம்பாமல் இரண்டு அடி முன்னால் போய் எடுங்கள்.

ஜூமின் மறுமுனையையும் பாருங்கள். லென்ஸில் 24 என்று தொடங்குகிறதா, 28 என்று தொடங்குகிறதா? மூன்று மீட்டர் தள்ளி நின்று எடுத்தால், 24-இல் சுமார் நாலேகால் மீட்டர் அகலம் படத்தில் அடங்கும். 28-இல் சுமார் 3.7 மீட்டர்தான். வித்தியாசம் அரை மீட்டர். லாட்ஜ் அறையில் எல்லோரும் சேர்ந்து நிற்கும்போது அந்த அரை மீட்டரில் ஒரு சித்தப்பா நிற்பார். அவரை வெட்டிவிட்டால் அடுத்த கல்யாணம் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்.

விலை மிகக் குறைவாக வேண்டும் என்பவர்களுக்குக் கோடக் பிக்ஸ்ப்ரோ வரிசை இருக்கிறது. எஃப்.இசட். 55-இல் 16 மெகாபிக்சல், 5 மடங்கு ஆப்டிகல் ஜூம். எஃப்.இசட். 45 சாதாரணப் பென்சில் பேட்டரியில் ஓடும். எந்த ஊர்ப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் என்பதால் பயணத்துக்கு அது ஒரு வசதி. இது பழைய கோடக் நேரடியாகச் செய்வது அல்ல. அந்த நிறுவனம் 2012-இல் திவால் மனு கொடுத்து, கேமரா தயாரிப்பிலிருந்து விலகிவிட்டது. பெயரை உரிமம் பெற்று வேறு நிறுவனம் விற்கிறது. தெரிந்துகொண்டு வாங்கினால் தவறில்லை.

இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்குப் பெயர் தெரியாத கேமராக்கள் வருகின்றன. '48 மெகாபிக்சல், 16 மடங்கு டிஜிட்டல் ஜூம்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் லென்ஸ் நகராது. புள்ளிகளும் கணக்கில் பெருக்கிக் காட்டியவைதான். அதற்குக் கொடுக்கும் காசைப் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள்.

கடையில் ஏன் இவ்வளவு குறைவான வகைகள் என்று கேட்கிறீர்கள். 2010-இல் உலகம் முழுதும் கடைகளுக்குப் போன டிஜிட்டல் கேமராக்கள் சுமார் 12 கோடி. 2023-இல் 80 லட்சத்தைக்கூட எட்டவில்லை. போன் வந்தது, சின்ன கேமராக்களை நிறுவனங்கள் ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டன. இதில் நமக்கு ஒரு லாபமும் உண்டு. அந்தப் 12 கோடியில் ஒன்று உங்கள் வீட்டுப் பீரோவிலேயே துணிக்கு அடியில் கிடக்கலாம். புதிது வாங்கும் முன் அதைத் தேடி எடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாமல் மாற்றிவிடுங்கள். இன்றைய பிள்ளைகள் அந்தப் பழைய கேமராவின் படத்தைத்தான் ஆசையாகத் தேடுகிறார்கள். செலவு ஒரு பேட்டரி, ஒரு மெமரி கார்டு. பழைய ஒலிம்பஸ், ஃபூஜி சிலவற்றில் எக்ஸ்.டி. என்ற வேறு வகைக் கார்டு போட வேண்டும். அது இப்போது கிடைப்பது கஷ்டம். அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விலையைப் பற்றி என் கருத்து இதுதான். கேமராவின் விலை, நீங்கள் போகிற டூருக்கு ஆகும் மொத்தச் செலவில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அதை யார் கையிலும் கொடுக்க மனம் வராது. "கீழ போட்டுறாத, பாத்து" என்று பிள்ளையைப் பத்துத் தடவை மிரட்ட வேண்டியிருந்தால், அந்தக் கேமரா உங்கள் வசதிக்கு மீறியது.

வாங்கிய பிறகு வீட்டில் எல்லோருக்கும் நாலு விஷயம் சொல்லிக்கொடுங்கள்.

ஒன்று, பட்டனைப் பாதி அழுத்தி நிறுத்துங்கள். கேமரா குறி பார்த்துக்கொள்ளும். பிறகு மீதியை அழுத்துங்கள். படம் மங்குவது பாதி குறையும்.

இரண்டு, ஃபிளாஷ் மூன்று நாலு மீட்டருக்குத்தான் எட்டும். தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நாலில் ஒரு பங்கு. எதிரிடை இருமடி விதி, பதினொன்றாம் வகுப்பில் நடத்தினேன், மறந்திருப்பீர்கள். ராத்திரி கன்னியாகுமரிக் கரையில் நின்று, கடலுக்குள் இருக்கும் 133 அடி வள்ளுவர் சிலைக்கு ஃபிளாஷ் அடித்துப் பயனில்லை. ஆனால் வெயிலை முதுகில் வாங்கி நிற்பவர் முகம் கருத்து விழும்போது, பட்டப்பகலிலும் ஃபிளாஷ் போடுங்கள். முகம் தெளியும்.

மூன்று, முதல் நாளே தேதியும் நேரமும் சரியாக வையுங்கள். இருபது வருஷம் கழித்து 'இது எந்த வருஷம்' என்று சண்டை வராது.

நாலு, பத்து நொடி டைமர். கேமராவை ஒரு சுவர்மேல் வைத்து அழுத்திவிட்டு ஓடிப்போய் நில்லுங்கள். தினமும் ஒரு படமாவது இப்படி, எல்லோரும் இருக்கிற மாதிரி எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் போடுங்கள்.

குற்றாலத்துக்குப் போகிறவர்கள் கேமராவை அருவிக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். சாரலே போதும், லென்ஸுக்குள் ஈரம் இறங்கிவிடும். தண்ணீர் புகாத கேமராக்கள் தனியாக உண்டு. வருஷத்துக்கு ஒரு குளியலுக்காக அதை வாங்குவது எனக்குச் சம்மதமில்லை.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். ஊர் திரும்பிய ஒரு வாரத்துக்குள் எல்லோரும் உட்கார்ந்து படங்களைப் பாருங்கள். ஆயிரம் இருந்தாலும் முப்பதைத் தேர்ந்தெடுத்து ஸ்டூடியோவில் பிரிண்ட் போடுங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஊர், தேதி, நிற்பவர் பெயர் எழுதுங்கள். மற்றதை இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். முப்பதைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை: வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் குறைந்தது மூன்று படத்திலாவது இருக்க வேண்டும். அதற்கு ஆள் குறைந்தால் அடுத்த டூரில் கேமரா கை மாற வேண்டும் என்று அர்த்தம்.

எட்டு வயதுப் பிள்ளை எடுக்கும் படத்தில் பாதி வானமாக இருக்கும், தாத்தாவின் தலை வெட்டுப்பட்டிருக்கும். பரவாயில்லை. அந்தப் படத்தில் அம்மா சிரித்துக்கொண்டிருப்பாள்.

உங்கள் வீட்டுப் பழைய கேமரா எது என்று கீழே எழுதுங்கள். போன டூர்ப் படங்களை எண்ணிப் பார்த்தவர்கள், யார் முகம் குறைகிறது என்பதையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் டீச்சர்