உறுமுகிற குட்டியை அடிக்காதீர்கள்

நீளமான பதிவு. வகுப்பில் நாற்பத்தைந்து நிமிஷம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு இது பெரிதில்லை.

எங்கள் வீட்டில் பத்து வாரக் குட்டி ஒன்று இருக்கிறது. பெயர் சீனி. நாட்டு நாய்தான். தாய் திருச்செந்தூர் ரோட்டில் லாரியில் அடிபட்டுப் போனது. ஆறு குட்டிகள். ஐந்து வாரத்திலேயே ஒன்றை நான் தூக்கிக்கொண்டு வந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை கருவாடு பிசைந்த சோற்றை அது தின்றுகொண்டிருந்தபோது, ஆறு வயதுப் பேத்தி தடவிக்கொடுக்கப் போனாள். குட்டி தட்டின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உறுமியது. கடிக்கவில்லை. பிள்ளை பயந்து அழுதுவிட்டாள்.

இதைக் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் போட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் ஆலோசனை குவிந்துவிட்டது.

"மாமா, மூக்கிலேயே ஒரு போடு போடுங்க. இப்பவே அடக்கலேன்னா பிறகு அடங்காது."

"அத்தான், மல்லாக்கப் போட்டுக் கழுத்தை அமுக்கிப் பிடிக்கணும். வீட்டுல யாரு தலைவன்னு அதுக்குத் தெரியணும்." கூடவே ஒரு யூடியூப் வீடியோ.

"பெரியப்பா, சின்னப்பிள்ளை இருக்க வீட்டுல இது எதுக்கு? ஆத்துக்கு அக்கரையில விட்டுட்டு வந்திருங்க."

"சார், எங்களை வெளுத்த மாதிரி ரெண்டு வெளுங்க. தானா சரியாயிரும்."

எல்லோரும் என்மேல் உள்ள அக்கறையில் சொன்னதுதான். ஆனால் நான்கும் தப்பு. ஏன் தப்பு என்று சொல்லாமல் விட்டால் வாத்தியாராக இருந்ததற்கு அர்த்தமில்லை.

முதலில் ஒரு பழைய கதை. 1994இல் எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாய் இருந்தது, பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதுவும் குட்டியில் தட்டுப் பக்கம் போனால் உறுமும். நான் வாரியலை எடுத்தேன். உறுமினால் அடி. ஒரு மாதத்தில் உறுமல் நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அதைப் பெருமையாகச் சொன்னேன்.

இரண்டு வருஷம் கழித்து, தீபாவளிக்கு வந்திருந்த அக்கா மகன், நாலு வயசுப் பையன், மணி தின்றுகொண்டிருந்தபோது பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தான். ஒரு சத்தம் இல்லை. பல்லைக் காட்டவில்லை. சட்டென்று கன்னத்தைக் கவ்விவிட்டது. ஐந்து தையல். "ஒரு சத்தம் குடுக்காமக் கடிச்சிட்டே, நம்ப முடியாத நாய்" என்று தெருவே சொன்னது. அன்று சாயங்காலமே இரண்டு பேர் வந்து மணியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

கடித்த நாயைப் பத்து நாள் வைத்துப் பார்க்க வேண்டும். அது நோயில்லாமல் உயிரோடு இருந்தால் ஊசியைப் பாதியில் நிறுத்தலாம். பார்க்க நாய் இல்லை. அதனால் அந்தப் பிள்ளைக்கு, அந்தக் காலத்து வழக்கப்படி, தொப்புளைச் சுற்றி ஊசி முழுக்கப் போட வேண்டியதாயிற்று. ஒவ்வொரு நாளும் அவன் கத்தினது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

மணி சத்தம் கொடுக்கத்தான் செய்தது. குட்டியாக இருந்தபோது ஒரு மாதம் தினமும் கொடுத்தது. நான்தான் அடித்து நிறுத்தினேன். அதன் பயத்தை நான் போக்கவில்லை. பயத்தைச் சொல்லுகிற வாயைத்தான் அடைத்தேன்.

உறுமல் என்பது நாய்க்குப் பேச்சு. "கிட்ட வராதே, எனக்குப் பயமா இருக்கு, என் சோத்தைப் பிடுங்கிருவியோன்னு இருக்கு." இவ்வளவுதான் அதற்கு அர்த்தம். கடிப்பதற்குப் பல படிகள் முன்னாலேயே அது நமக்குச் சொல்லிவிடுகிறது. உடம்பு விறைக்கும், கண்ணில் வெள்ளை தெரியும், தின்பது வேகமாகும், பிறகு உறுமும், பிறகு பல்லைக் காட்டும், கடைசியில்தான் கடிக்கும். உறுமலுக்கு அடி விழுந்தால், நடுவில் உள்ள படிகளை விட்டுவிட்டு நேராகக் கடைசிக்குப் போகக் கற்றுக்கொள்ளும். விளையாட்டில் உறுமுவது வேறு. அப்போது உடம்பு தளர்ந்திருக்கும், முன்னங்காலை மடக்கிப் பின்புறத்தைத் தூக்கி நிற்கும், வாலும் இடுப்பும் சேர்ந்து ஆடும். இரண்டையும் பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டும்.

அடுத்து, "தலைவன்" கதை. இது எங்கிருந்து வந்தது தெரியுமா? 1947இல் ஷெங்கல் என்பவர், விலங்குக் காட்சிசாலையில் அடைத்து வைத்திருந்த, ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களைப் பார்த்து எழுதினார். அவை தலைமைக்குச் சண்டை போட்டன. டேவிட் மெக் என்ற அமெரிக்க அறிஞர் 1970இல் தம்முடைய ஓநாய் நூலில் அந்தக் கருத்தைப் பரப்பினார். பிறகு அவரே காட்டில் வருஷக்கணக்கில் ஓநாய்களைப் பின்தொடர்ந்து பார்த்தார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் உள்ள குடும்பம்தான். தலைவன் சண்டை என்பது அடைபட்ட கூண்டின் விளைவு. 1999இல் அதைக் கட்டுரையாக எழுதித் தன் பழைய கருத்தைத் தானே மறுத்தார். பழைய நூலை அச்சிடுவதை நிறுத்தச் சொல்லிப் பதிப்பகத்தாரிடம் கேட்டுக்கொண்டும் இருந்தார். சொன்னவரே திருப்பி வாங்கிக்கொண்ட பாடத்தை நாம் யூடியூப்பில் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறோம். ஓநாயே அப்படி இல்லை என்னும்போது சோற்றுத் தட்டைக் காக்கிற நாய்க்குட்டிக்கு எதற்குத் தலைவன்?

2009இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள், நாய் வளர்ப்பவர்களிடம் அவர்கள் செய்து பார்த்த முறைகளைக் கேட்டு வெளியிட்டார்கள். நாயை அடித்தவர்கள், உதைத்தவர்களில் நூற்றுக்கு 43 பேரிடம் நாய் திருப்பிச் சீறியது. மல்லாக்கப் போட்டு அமுக்கியவர்களில் நூற்றுக்கு 31 பேர். அடி முரட்டுத்தனத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது.

"அப்பா காலத்துல அடிச்சுத்தானே வளர்த்தோம், நல்லாத்தானே இருந்துச்சு?" என்று சிலர் கேட்பீர்கள். அப்போது நாயை யார் கட்டிப்போட்டது? திண்ணையில் படுத்திருக்கும். பிள்ளைகள் தொந்தரவு பண்ணினால் எழுந்து ஆற்றங்கரைக்குப் போய்விடும். அதற்குப் போக இடம் இருந்தது. இன்றைக்கு கேட் கம்பியில் இரண்டடிச் சங்கிலியில் கட்டுகிறோம். பிள்ளை கிட்ட வந்தால் அது எங்கே போகும்? வாயால் சொல்வதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை. அந்த வாய்க்கும் அடி.

அக்கரையில் விடச் சொன்ன பிள்ளைக்கு: வளர்க்கிற பிராணியைக் கைவிடுவது 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடு. பசியோடும் பயத்தோடும் அங்கே வளர்கிற குட்டி நாளைக்கு யாரைக் கடிக்கும்? அக்கரையில் உள்ள ஒரு பிள்ளையை. நம் வீட்டுப் பிரச்சினையை அடுத்தவன் வீட்டுக்கு அனுப்புவதற்குப் பெயர் தீர்வு இல்லை.

அப்படியானால் உறுமினால் சும்மா விட்டுவிடுவதா? இல்லை. உறுமலை விட்டுவிட்டு அதன் காரணத்தைப் பிடிக்க வேண்டும். சீனிக்கு என்ன காரணம்? ஆறு குட்டிக்கு ஒரு தட்டு. முந்தினால் உண்டு, பிந்தினால் இல்லை. அந்த நிலையில் நானும் உறுமியிருப்பேன். அதோடு, குட்டி எட்டு வாரமாவது தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் இருக்க வேண்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதை அங்கேதான் அது கற்கிறது. ஐந்து வாரத்தில் வந்ததற்கு அந்தப் பாடம் பாதிதான் நடந்திருக்கிறது. மீதியை நாம் நடத்த வேண்டும்.

நான் செய்வது இது. தட்டைத் தார்சா மூலையில், யாரும் குறுக்கே போகாத இடத்தில் வைக்கிறேன். அது தின்னும்போது ஆறடி தள்ளி நடந்து போவேன். போகிற போக்கில் வேகவைத்த முட்டைத் துண்டு ஒன்றைத் தட்டுப் பக்கம் போட்டுவிட்டு நிற்காமல் போய்விடுவேன். தட்டில் கை வைப்பதில்லை. நாளுக்கு நாள் கொஞ்சம் கிட்ட. விறைத்தால் மறுபடி தள்ளிப் போவேன். மனிதன் கிட்ட வந்தால் சோறு போகாது, கூட வரும் என்று அது கற்க வேண்டும். இன்றைக்கு எட்டாவது நாள். என் காலடிச் சத்தம் கேட்டாலே தட்டிலிருந்து தலையைத் தூக்கி வாலை ஆட்டுகிறது.

செருப்பைக் கவ்விக்கொண்டால் பிடுங்குவதில்லை. அதைவிட நல்லது ஒன்றைக் காட்டி மாற்றிக்கொள்கிறேன். விளையாட்டில் கையைக் கடித்தால் கையை ஆட்டாமல் எழுந்து அரை நிமிஷம் போய்விடுகிறேன். கடித்தால் ஆட்டம் முடிந்தது என்று புரிந்துவிடும். நாலாவது மாதத்தில் பால்பல் விழத் தொடங்கி, ஆறு ஏழு மாதம் வரை ஈறு ஊறும். அதுவரை கடிக்கத்தான் செய்யும். பழைய துணியை முறுக்கி முடிச்சுப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை குட்டி பார்ப்பது, கேட்பதுதான் அதற்குப் பிற்காலத்தில் பயமில்லாதது. அந்த நாட்களில் கொல்லையில் கட்டிப்போடாதீர்கள். நானே சீனியைக் கையில் தூக்கிக்கொண்டு போய், கள்ளபிரான் கோயில் மேளத்தைத் தூரத்தில் இருந்து கேட்க வைக்கிறேன். குடை, ஹெல்மெட், சைக்கிள் எல்லாம் காட்டுகிறேன். தடுப்பூசி முடியாததால் தெருவில் இறக்குவதில்லை.

பேத்திக்கும் பாடம் உண்டு. தின்னும்போது, தூங்கும்போது, கட்டியிருக்கும்போது தொடக்கூடாது. பெரியவர் பக்கத்தில் இல்லாமல் இரண்டு பேரையும் தனியாக விடுவதில்லை. குட்டியின் பல் பட்டு ரத்தம் வந்தால் மஞ்சளோ காப்பித்தூளோ வைக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குட்டிக்கும் மூன்றாவது மாதத்தில் வெறிநாய்த் தடுப்பூசி போட வேண்டும். திடீரென்று உறுமத் தொடங்கினால் காதுவலியோ வயிற்றுவலியோ இருக்கலாம். வளர்ந்த நாய் ஏற்கெனவே கடித்திருந்தால் என் பதிவைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள், கால்நடை மருத்துவரிடம் போங்கள். ராமையன்பட்டியில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

கடைசியாக, "எங்களை வெளுத்த மாதிரி" என்று எழுதின மாணவனுக்கு. தம்பி, நீ சிரிப்புக்காகச் சொன்னாய். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. "சார், எனக்குப் புரியல" என்று எழுந்து நின்ற பையனை, கவனிக்கவில்லை என்று சொல்லி அடித்திருக்கிறேன். அதன் பிறகு அவன் எழுந்து நிற்கவே இல்லை. வகுப்பு அமைதியாக இருந்தது. அதை ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டேன். பரீட்சைத் தாளைப் பார்த்தபோதுதான் அவனுக்கு ஒன்றுமே புரியவில்லை என்று தெரிந்தது. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் வந்து பிரம்பைக் கீழே போடச் சொன்னபோது நானும் முணுமுணுத்தவன்தான். இன்றைக்கு அதற்காக வெட்கப்படுகிறேன். உங்களில் யாரையாவது அப்படி வாயடைக்க வைத்திருந்தால் என்னை மன்னித்துவிடுங்கள்.

நம் ஊர் குமரகுருபரர் பிறந்த ஊர். ஐந்து வயது வரை பேசாத பிள்ளையைத் திருச்செந்தூருக்குத் தூக்கிக்கொண்டு போய், பேச்சு வர வேண்டும் என்று பெற்றவர்கள் கிடையாய்க் கிடந்ததாகச் சொல்லித்தான் வளர்ந்தோம். அந்த ஊரில் இருந்துகொண்டு பேசுகிற ஒன்றை அடித்து ஊமையாக்கலாமா?

ஒன்றைச் சொல்லவில்லை. "மூக்கிலேயே ஒரு போடு போடுங்க" என்று முதலில் எழுதின மருமகன் வேறு யாருமில்லை. கன்னத்தில் ஐந்து தையல் போட்ட அந்தப் பிள்ளைதான். அவனுக்கு நாய்மேல் கோபம் இருப்பதில் நியாயம் உண்டு. ஆனால் ஏல, அந்தத் தழும்புக்குக் காரணம் மணி இல்லை, நான். இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. பொங்கலுக்கு வரும்போது உன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. சீனி உறுமினால் உறுமட்டும். நாம் கொஞ்சம் தள்ளி நின்று, அது என்ன சொல்லுகிறது என்று கேட்போம்.