ரயில் பெட்டி செய்த கைகளுக்கு டாங்கி வேலை!

ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில், போலந்து எல்லையை ஒட்டி கோர்லிட்ஸ் என்றொரு ஊர். அங்கே 1849-ல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலை ஒன்று. 175 வருஷங்களுக்கு மேலாக, அப்பன், மகன், பேரன் என்று தொழிலாளர்கள் அங்கே பாடுபட்டு வந்திருக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் அதை அல்ஸ்டோம் கம்பெனியிடமிருந்து கேஎன்டிஎஸ் என்னும் ஆயுதக் கம்பெனி எடுத்துக்கொள்ள ஒப்பந்தம் ஆயிற்று. ஜனங்கள் ஏறிப்போகும் பெட்டி செய்த இடத்தில் இனி லெப்பர்டு டாங்கியின் பாகங்கள்! அங்கிருந்த சுமார் 700 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே வேலை தருவதாக வாக்களித்தார்கள். மீதிப் பேரின் கதி?

இந்த கேஎன்டிஎஸ், 2015-ல் ஒரு ஜெர்மன் கம்பெனியும் பிரெஞ்சு சர்க்காரின் கம்பெனியும் சேர்ந்து பிறந்தது. எல்லை தாண்டிக் கைகோக்க வேண்டும், ஆயுதத் தொழிலின் போட்டித் திறனை வளர்க்க வேண்டும் என்பதே இன்று ஐரோப்பிய யூனியனின் முழக்கம்.

அவர்கள் சொல்லும் காரணத்தையும் கேட்போம். அமெரிக்காவில் ஒரே வகைப் பெரிய டாங்கி. ஐரோப்பாவிலோ 12 வகை. ஒன்றின் உதிரிப் பாகம் மற்றதற்குப் பொருந்தாது. 2022 நடுவிலிருந்து 2023 நடுவரை வாங்கிய ஆயுதங்களின் பணத்தில் 78 சதவீதம் வெளியே போயிற்று. பெரும்பகுதி அமெரிக்கக் கம்பெனிகளுக்கு. இதை 2024-ல் திராகி அறிக்கையே எடுத்துச் சொல்லிற்று. இது வீண் செலவு என்பதில் சந்தேகமில்லை. ஒரே வேலையைப் பன்னிரண்டு இடத்தில் தனித்தனியே செய்வதை யார் ஆதரிப்பார்கள்?

ஆனால் பணம் யாருடையது? 2021 முதல் 2027 வரையிலான ஐரோப்பியப் பாதுகாப்பு நிதி ஏறத்தாழ 800 கோடி யூரோ. 2025 மே மாதத்தில் இன்னொரு திட்டம்: ஆயுதம் வாங்க 15,000 கோடி யூரோ கடன். தவணை 45 வருஷம் வரை! இன்று பிறக்கும் பிள்ளை நடுவயது தாண்டியும் அடைக்க வேண்டிய கடன் இது. கடன் ஜனங்களுக்கு, ஆர்டர் கம்பெனிகளுக்கு.

கைகோத்தால் செலவு தானாகக் குறைந்துவிடுமா? ஏ400எம் என்னும் ராணுவச் சரக்கு விமானத்தைப் பாருங்கள். 2003-ல் ஏழு தேசங்கள் சேர்ந்து ஆர்டர் கொடுத்தன. வேலையில் தன் பங்கு தன் நாட்டுக்கே வரவேண்டும் என்று ஒவ்வொன்றும் இழுத்தது. விமானம் வருஷக் கணக்கில் தாமதமாயிற்று. 2010-ல் கூடுதலாக 350 கோடி யூரோவுக்கு அந்தச் சர்க்கார்கள் இசைய வேண்டியதாயிற்று. நஷ்டத்தைப் பொதுமக்கள் தலையில் ஏற்றுவதற்கு மட்டும் எல்லை குறுக்கே நிற்கவில்லை!

'போட்டித் திறன்' என்ற சொல் நம் ஆலைத் தொழிலாளிக்குப் புதிதல்ல. தறியைக் கூட்டி ஆளைக் குறைக்கும்போதெல்லாம் அவன் கேட்ட சொல்தான் அது.

அப்படியானால் கோர்லிட்ஸ் தொழிலாளி என்ன செய்வான்? வேலையை வேண்டாம் என்பானா? அவனைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. அவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் வேறு வழியே இல்லை என்பது பொய். பிரிட்டனில் லூகாஸ் ஏரோஸ்பேஸ் கம்பெனியில் ஆட்குறைப்பு அபாயம் வந்தபோது, பல ஊர்த் தொழிற்சாலைகளின் தொழிலாளர் பிரதிநிதிகள் கூடி, 1976-ல் சுமார் 150 பொருள்களுக்குத் திட்டம் தீட்டினார்கள். சிறுநீரக இயந்திரம், ரோட்டிலும் தண்டவாளத்திலும் ஓடும் வண்டி என்று ஜனங்களுக்கு உதவும் பொருள்கள்! நிர்வாகம் ஏற்க மறுத்தது. தொழிலாளிக்கு யோசனை இல்லாமலில்லை. தீர்மானிக்கும் அதிகாரம்தான் இல்லை.

2019 மே மாதம் இத்தாலியின் ஜெனோவா துறைமுகத் தொழிலாளர்கள், யேமன் யுத்தத்துக்கு உதவும் என்று கருதி, சவூதிக் கப்பலில் ஜெனரேட்டர்களை ஏற்ற மறுத்தார்கள். அதே மாதம் பிரான்சின் லெ ஆவ்ர் துறைமுகத்திலும் அந்தக் கப்பலுக்கு எதிர்ப்பு எழுந்திருந்தது. இதுவும் எல்லை தாண்டிய ஒத்துழைப்புதான்!

பொதுப்பணம் போகும் கம்பெனியின் கணக்கு பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும். லாபத்துக்கு வரம்பு வேண்டும். எதைச் செய்வது, யாருக்கு விற்பது என்பதில் தொழிலாளிக்கும் வாக்கு வேண்டும். யுத்த ஆர்டர் நின்றால் என்ன வேலை என்பதற்கு இன்றே திட்டம் வேண்டும். இவை இல்லாத ஒத்துழைப்பு முதலாளிகளின் ஒத்துழைப்பே.

மூலதனம் எல்லை தாண்டிக் கைகோத்துவிட்டது. உழைப்பாளிகளின் கைகள் எப்போது கோக்கப்போகின்றன?