கான்கிரீட் போடுவதற்கு முன்பே சூரியனுக்கு ஒரு வழி

வீட்டு மாடியில் சூரிய மின்தகடுகள் எவ்வளவு எளிதாகவும் பாதுகாப்பாகவும் அமையும் என்பதை, அவற்றை விற்கும் நிறுவனத்தைவிட, கூரைக்குக் கம்பி கட்டி முடித்த பின் கான்கிரீட் போடுவதற்கு முன்னால் பைப் பதிக்கும் எலக்ட்ரீஷியனே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறார். மொட்டை மாடியிலிருந்து மீட்டர் பெட்டிவரை கூடுதலாக இரண்டு குழாய்கள் செல்ல அப்போது வழி விடப்படாவிட்டால், சில ஆண்டுகள் கழித்துப் பூசி வண்ணம் அடித்த சுவரை வெட்டியோ, வீட்டின் முகப்பில் வெயிலில் காயும்படி குழாய்களை அறைந்தோதான் அந்த வழியை உண்டாக்க வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் சூரிய மின்சாரம் பற்றிய பேச்சு மானியத்தையும் தகட்டின் விலையையும் சுற்றியே நடக்க, வீட்டின் மின்னமைப்பு அதற்கு ஏற்றதாக இருக்கிறதா என்னும் கேள்வி, வரைபடம் வரையும்போதே எழ வேண்டியதாக இருந்தும், தகடு வாங்கப் போகும் நாளில்தான் எழுகிறது.

வீடு கட்டும்போதே தகடுகளையும் பொருத்திவிடுவது எல்லோருக்கும் இயலாது. 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு ஒரு கோடி வீடுகளை இலக்காக வைத்துத் தொடங்கிய ‘பிஎம் சூர்ய கர்’ திட்டம் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியம் அளித்தாலும், எஞ்சிய தொகை வீட்டுக்காரரின் கையிலிருந்தே வர வேண்டும்; வீட்டுக்கடனின் முதல் தவணைகள் நெருக்கும் காலத்தில் அது தள்ளிப்போவது இயல்பு. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமின்றி வழங்கும் முறை 2016இல் தமிழ்நாட்டில் வந்ததால், குறைவாக மின்சாரம் செலவழிக்கும் குடும்பத்துக்குத் தகட்டின் முதலீடு மெதுவாகவே திரும்புகிறது. குளிர்சாதனமும் மின்வாகனமும் வீட்டுக்குள் வந்த பிறகுதான் கணக்கு மாறுகிறது. எனவே தகட்டைப் பின்னாளுக்கு ஒத்திவைப்பது நியாயமான முடிவாகவே இருக்கலாம். குழாயையும் எர்த் குழியையும் மின்பெட்டியில் விட வேண்டிய இடத்தையும் அதனோடு சேர்த்து ஒத்திவைப்பதற்குத்தான் எந்த நியாயமும் இல்லை, ஏனெனில் கட்டுமானத்தின் மொத்தச் செலவில் இவை கண்ணுக்கே தெரியாத பங்கு.

தகடுகள் உண்டாக்குவது நேர்திசை மின்சாரம், அதாவது ஒரே திசையில் ஓடும் டிசி. வீட்டுக்கருவிகள் இயங்குவது நொடிக்கு 50 சுழற்சிகளாகத் திசை மாறும் ஏசியில். இடையில் நின்று மாற்றித் தருவது இன்வெர்ட்டர். 540 வாட் அளவுள்ள ஆறு தகடுகளைத் தொடராக இணைத்தால் 3 கிலோவாட்டுக்குச் சற்றுக் கூடுதலான திறன் கிடைக்கும். பளு ஏதும் இல்லாத நிலையில் அந்தத் தொடரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 300 வோல்ட்டைத் தொடும். ஏசி ஒவ்வொரு நொடியும் நூறு முறை சுழியைக் கடப்பதால் அதில் எழும் தீப்பொறி தானே அணைய வாய்ப்புண்டு. டிசியில் அந்த இடைவெளி இல்லாததால், தளர்ந்த இணைப்பில் தோன்றும் பொறி தொடர்ந்து எரிந்து தீயாகலாம். இதனால்தான் டிசி கம்பிகள் வேறெந்தக் கம்பியோடும் கலக்காமல், நடுவில் ஒட்டுப்போடாமல், தனிக் குழாயில் செல்ல வேண்டும் என்று வற்புறுத்தப்படுகிறது. இன்வெர்ட்டர் மாடிப்படி அறையின் நிழலில் இருக்குமா, கீழே மீட்டருக்கு அருகில் இருக்குமா என்பதைப் பொறுத்து இறங்கப்போவது ஏசியா டிசியா என்பது மாறும். இன்று அதை முடிவுசெய்ய முடியாத வீட்டில், கூர்மையான வளைவுகள் இல்லாத இரண்டு குழாய்களைப் பதித்து, உள்ளே இழுவைக் கம்பி விட்டு, இரு முனைகளையும் மூடி வைத்தால் இரண்டு வழிகளும் திறந்தே இருக்கும்.

கம்பியின் தடிமன் பற்றி எழும் அலட்சியம்தான் பின்னாளில் அதிகம் வருத்துவது. இன்வெர்ட்டர் மின்சாரத்தை வெளியே தள்ள வேண்டுமானால் அதன் முனையில் மின்னழுத்தம் மின்வாரியக் கம்பியின் மின்னழுத்தத்தைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும். இடையிலுள்ள கம்பி மெலிந்ததாகவும் நீண்டதாகவும் இருந்தால் அந்த உயர்வும் கூடும். 5 கிலோவாட் ஒருமுனை இன்வெர்ட்டர் ஏறத்தாழ 22 ஆம்பியர் அனுப்பும்போது, 30 மீட்டர் தொலைவுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக்கம்பி போடப்பட்டிருந்தால் சுமார் 6 வோல்ட் உயரும். 10 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அது இரண்டரை வோல்ட்டுக்குள் அடங்கும். தெருவின் மின்னழுத்தமே உயர்ந்திருக்கும் நண்பகலில் இந்தச் சில வோல்ட்டுகளே இன்வெர்ட்டரை அதன் வரம்பைத் தாண்டச் செய்து நிறுத்திவிட, விளைச்சல் மிகுந்த நேரத்தில் தகடுகள் வீணே வெயில் காய்கின்றன. தடித்த கம்பியைப் பின்னர் இழுத்துக்கொள்ளலாம் என்றாலும், அதற்கேற்ற அகலமுள்ள குழாய் முன்பே இருந்தாக வேண்டும்.

டிபி பெட்டி எனப்படும் மின்பகிர்வுப் பெட்டியிலும் இதே போன்ற முன்யோசனை தேவை. உயிர்காப்புக்காக வீடுகளில் பொருத்தப்படும் ஆர்சிசிபி, 30 மில்லிஆம்பியர் கசிவைக் கண்டாலே மின்சாரத்தைத் துண்டிக்கும். இன்று பரவலாக விற்கும் மின்மாற்றியற்ற இன்வெர்ட்டர்களில், குறிப்பாக மழையில் தகடுகள் நனைந்திருக்கும்போது, இயல்பாகவே சிறு கசிவோட்டம் இருக்கும் என்பதால், வீட்டின் ஆர்சிசிபிக்குப் பின்னால் சூரிய இணைப்பைச் சேர்த்தால் அது காரணமின்றி அடிக்கடி விழும். முதன்மைச் சுவிட்சுக்கு அருகில், ஆர்சிசிபிக்கு முன்னால், சூரிய மின்சாரத்துக்கென ஒரு தனி பிரேக்கர் அமரும் இடத்தைக் காலியாக விட்டால் இந்தத் தொல்லை இல்லை. உற்பத்தியை அளக்கும் மீட்டர் ஒன்று பிறகு சேரக்கூடும் என்பதால் மீட்டர் பலகையிலும் அதற்கான அகலம் வேண்டும்.

மின்தடை நேரத்தில் மாடித் தகடு வீட்டை ஒளிரவைக்கும் என்பது பரவலான எதிர்பார்ப்பு. மின்வாரியக் கம்பியோடு இணைந்த சாதாரண இன்வெர்ட்டர், வாரியத்தின் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிட வேண்டும். கம்பத்தில் பழுதுபார்க்கும் ஊழியரின் உயிர் அதைச் சார்ந்திருக்கிறது. மின்கலத்தோடு இயங்கும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் பிற்காலத்தில் வந்தால் அது எல்லாப் பளுவையும் தாங்காது என்பதால், விளக்கு, மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி போன்ற இன்றியமையாதவற்றைக் கட்டும்போதே தனிச் சுற்றில் பிரித்துவிட வேண்டும். தமிழ்நாட்டு எலக்ட்ரீஷியன்களுக்கு இது புதிதல்ல; மின்வெட்டு மிகுந்திருந்த ஆண்டுகளில் ‘யுபிஎஸ் லைன்’ என்று தனியாக இழுத்துப் பழகியவர்கள் அவர்கள். தகடுகளுக்கும் இன்வெர்ட்டருக்கும் இடிதாங்கிக்குமான மூன்று எர்த் குழிகளைச் சுற்றுத்தரையில் கல் பாவுவதற்கு முன் தோண்டிவிடுவது நல்லது.

மாடியைப் பொறுத்தவரை, மின்னியலைவிட வாஸ்துவே பெரிய முடிவுகளை எடுத்துவிடுகிறது. தென்மேற்காகிய கன்னி மூலை உயர்ந்திருக்க வேண்டும் என்னும் நம்பிக்கையால் தண்ணீர்த் தொட்டி பல வீடுகளில் அங்கேயே ஏற்றப்படுகிறது. சென்னையில் டிசம்பர் நண்பகலில் சூரியன் ஏறத்தாழ 53 பாகை உயரத்தில், தெற்கே சாய்ந்து நிற்பதால், 3 மீட்டர் உயரத் தொட்டியின் நிழல் வடக்கே 2 மீட்டருக்கு மேல் விழும். பிற்பகலில் அது வடகிழக்காக நீண்டு மாடியின் நடுவை மூடும். அதே தொட்டி வடக்கு ஓரத்தில் இருந்தால், சூரியன் வடக்கே சாயும் ஜூன் நண்பகலிலும் அதன் நிழல் தெற்கே அரை மீட்டர் அளவே வரும். தொடராக இணைந்த தகடுகளில் ஒன்றின் ஒரு பகுதியில் நிழல் விழுந்தாலும் அந்தத் தொடரின் விளைச்சல் குறையும் என்பதால் இந்த வேறுபாடு சிறியதன்று. வாஸ்துவை விட்டுக்கொடுக்க மனமில்லாத குடும்பத்தை வற்புறுத்த வேண்டியதில்லை. தொட்டியின் உயரத்தைக் குறைத்து, தகடுகளுக்குத் தென்கிழக்குப் பகுதியை ஒதுக்கினால் இழப்பின் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். எப்படியானாலும் ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 10 சதுர மீட்டர் நிழலற்ற இடம் வேண்டும் என்னும் கணக்கு, தொட்டியும் துணி உலர்த்தும் கம்பியும் மாடிப்படி அறையும் வரையப்படும் அதே தாளில் இடம்பெற வேண்டும்.

காற்றும் கணக்கில் வர வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தின் 875ஆம் விதித்தொகுப்பு சென்னைக்கு வகுத்துள்ள அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பரில் வர்தாவையும் 2018 நவம்பரில் கஜாவையும் பார்த்த கடற்கரைக்கு இது ஏட்டுக்கணக்கன்று. தகட்டுச் சட்டத்தைத் தாங்கும் சிறு கான்கிரீட் பீடங்களைத் தளத்தோடு சேர்த்தே வார்த்து, நீர்த்தடுப்புப் பூச்சை அவற்றைச் சுற்றி ஏற்றிவிட்டால், பிறகு ஓடு பதித்த மாடியைத் துளையிட்டு ஒழுக்கை வரவழைக்க வேண்டியதில்லை.

2024இல் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகள் 10 கிலோவாட்வரை தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை என்றும், 5 கிலோவாட்வரை மின்பாதையை வலுப்படுத்தும் செலவு விநியோக நிறுவனத்துடையது என்றும் கூறுகின்றன. அரசு தன் பக்கத்துத் தடைகளை இவ்வாறு குறைத்துவர, வீட்டுக்குள் இருக்கும் தடைகளைக் கேட்பாரில்லை. கலிஃபோர்னியா 2020 முதல் புது வீடுகளில் தகடுகளைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன்பே, பத்தோ அதற்கு மேலோ வீடுகள் கொண்ட குடியிருப்புத் திட்டங்களில், தகடு போடாவிட்டாலும் கூரையில் இடம் ஒதுக்கவும், குழாய்வழியை வரைபடத்தில் காட்டவும், மின்பெட்டியில் பிரேக்கருக்கு இடம் விடவும் அதன் கட்டட விதிகள் கேட்டன. 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய தமிழ்நாட்டுக்கு, கட்டட அனுமதியின் வழியாகவே ஒரு வழக்கத்தை வீடுதோறும் கொண்டுசேர்த்த அனுபவம் இருக்கிறது. நிழலற்ற பரப்பு, குழாய்வழி, பெட்டியில் ஒதுக்கிய இடம் ஆகியவற்றை அனுமதி வரைபடத்தில் குறிக்கச் சொல்வது எந்தக் குடும்பத்துக்கும் சுமையாகாது. அடுக்ககங்களில் கூடுதலாக, கீழ்த்தளத்து மீட்டர் வரிசையிலிருந்து மாடிவரை ஏறும் பொதுக் கம்பிப்பாதை எல்லா வீடுகளின் கம்பிகளையும் கொள்ளும் அகலத்தில் அமையவும், மாடிப் பரப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய பங்கு விற்பனைப் பத்திரத்திலேயே எழுதப்படவும் வேண்டும்.