மலை இறங்கும் சாமை! மலை ஏறும் வெள்ளை அரிசி!

கல்வராயன் மலையில் விளையும் சாமை மூட்டை மூட்டையாகக் கீழே இறங்குகிறது. கீழேயிருந்து வெள்ளை அரிசியும் மைதாவும் பிஸ்கட் பாக்கெட்டும் மலைக்கு ஏறுகின்றன. பாடுபட்டு விளைவித்தவன் வீட்டு அடுப்பிலேயே சாமைச்சோறு அபூர்வமாகி வருகிறது.

சமவெளியில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? களமருதூர் முதல் கள்ளக்குறிச்சி வரை ஒரே கதைதான். காலையில் இட்லி, தோசை. மத்தியானம் குவித்து வைத்த வெள்ளைச்சோறு. ராத்திரி பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டா. மூன்று வேளையும் மாவுச்சத்து!

ஏர் ஓட்டிய தாத்தாவுக்கு அது செரித்தது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பேரனுக்குச் செரிக்குமா? நாற்பது வயது தாண்டிய இரண்டு பேர் சந்தித்தால், "சௌக்கியமா?" என்ற கேள்வி போய், "சுகர் எவ்வளவு இருக்கு?" என்பது வந்துவிட்டது.

இது வெறும் டீக்கடைப் பேச்சு அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் வெளியானது. நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் என்றது அது. இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அந்த நோயின் வாசற்படியில் நிற்கிறார்கள். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. வயிறு நிறைகிறது, உடம்பு தேறவில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. ஊரே அழுதது. விசாரணைக் கமிஷன் வந்தது. சர்க்கரை நோய் அப்படி ஒரே ராத்திரியில் கொல்லாது. கண், சிறுநீரகம், கால் என்று பத்திருபது வருஷம் ஒவ்வொன்றாகத் தின்னும். அதற்குக் கமிஷனும் கிடையாது, கண்ணீர் அஞ்சலி ஊர்வலமும் கிடையாது.

கோழி சொன்ன பாடம்

அரிசியைத் தீட்டித் தீட்டி வெள்ளையாக்கினால் என்ன ஆகும்? நூறு வருஷத்துக்கு முன்னாலேயே கோழிகள் பதில் சொல்லிவிட்டன.

ஜாவா தீவில் அய்க்மன் என்ற டச்சு டாக்டர் கோழி வளர்த்தார். ராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச்சோறுதான் தீனி. கோழிகள் கால் துவண்டு விழுந்தன. புதிதாக வந்த சமையல்காரர், "பட்டாளத்துச் சோறு கோழிக்கா?" என்று நிறுத்திவிட்டார். தவிடு போகாத மட்ட அரிசி போட்டதும் கோழிகள் எழுந்து நடந்தன! தவிட்டோடு போனது பி1 வைட்டமின் என்று பின்னால் தெரிந்தது. 1929-ல் அய்க்மனுக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

நம் வீட்டுப் புழுங்கல் அரிசி அந்த வகையில் பரவாயில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது வைட்டமினில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடும். ஆனால் "பால் மாதிரி வெள்ளையா இருக்கணும்" என்று வாங்குகிறவர் கேட்க, மில்காரர் மேலும் மேலும் தீட்ட, சத்தும் நார்ச்சத்தும் தவிட்டோடு போய்விடுகின்றன.

யார் குற்றம்?

மலைவாசியைக் குறை சொல்லிப் பயனில்லை. சாமையின் உமி லேசில் உரியாது. உரலில் குத்திக் குத்திக் கை காய்த்துப் போன பெண்களுக்கு, கழுவி உலையில் போட வேண்டிய ரேஷன் அரிசி பெரிய விடுதலை. பசியை விரட்டிய அரிசி அது. அதைப் பழிப்பது நன்றி கெட்ட வேலை.

சாமைக்காடு மரவள்ளிக்கும் மக்காச்சோளத்துக்கும் மாறியதிலும் அதிசயம் இல்லை. கிழங்குக்கு ஜவ்வரிசி ஆலை இருக்கிறது, சோளத்துக்குக் கோழித்தீவன ஆலை இருக்கிறது. சாமைக்கு யார் இருக்கிறார்கள்? டவுனில் சாமை அரிசி விற்கிறது. ஆனால் அந்த விலைக்குச் சம்பளக்காரரே யோசிக்கிறார். கூலிக்காரர் எங்கே போவார்?

சாமை சர்வரோக நிவாரணி என்று கிளம்பிவிட்டவர்களும் உண்டு. அதுவும் தப்பு. அளவில்லாமல் தின்றால் சாமையும் சர்க்கரையை ஏற்றும். அதையும் பளபளவென்று தீட்டிவிட்டால் வெள்ளை அரிசிக்கு அண்ணன் தம்பிதான். அதிகம் தீட்டாத சாமை, கூடவே பருப்பு, கீரை, காய் — இதுதான் சாப்பாடு. மாத்திரையை நிறுத்தச் சொல்ல டாக்டருக்குத்தான் உரிமை.

செய்ய வேண்டியது என்ன?

வழி ஏற்கெனவே இருக்கிறது. 2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டம் தொடங்கியது. தருமபுரியில் கேழ்வரகு என்றால் கள்ளக்குறிச்சியில் சாமை ஏன் கூடாது? வேண்டியவர்கள் 2 கிலோ வாங்கிக்கொள்ளட்டும். வேண்டாதவர்களுக்கு அரிசி இருக்கவே இருக்கிறது.

நெல்லைப் போலவே சாமையையும் கட்டுப்படியாகும் விலைக்கு மலையிலேயே கொள்முதல் செய்ய வேண்டும். உமி நீக்கும் மெஷினை மலைக் கிராமங்களில் மகளிர் குழுக்களிடம் ஒப்படைக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாரம் ஒருநாள் சாமைப் பொங்கல் போட வேண்டும்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தட்டில் ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து ஒரு கரண்டி கீரையைக் கூட்டலாம். அதற்கு எந்த அரசாணையும் வேண்டாம்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்க அரசாங்கம் வருஷா வருஷம் பணம் கொட்டுகிறது. அதில் ஒரு பங்கைச் சாமைக்குச் செலவழித்தால் மலைக்காரனுக்கு வருமானம், ஊர்க்காரனுக்கு ஆரோக்கியம். மாவட்ட நிர்வாகம் மனசு வைக்குமா?