நிற்க வைத்தால் அஜைல் ஆகிவிடுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. மேனேஜர் ஆகிவிட்ட என் பிள்ளைகள் கட்டாயம் படிக்க வேண்டும்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். சென்னையில் பெரிய ஐ.டி. கம்பெனியில் வேலை. சாப்பிட உட்கார்ந்த நேரம் போன் வந்தது. "ஸ்டாண்ட்-அப் டீச்சர், பதினஞ்சு நிமிஷம்தான்" என்று எழுந்து போனவள், முக்கால் மணி நேரம் கழித்து வந்தாள். ஸ்பீக்கரில் பேசியது எனக்கும் கேட்டது. நேற்று என்ன செய்தாய், ஏன் முடியவில்லை, எப்போது முடியும் என்று ஒவ்வொருவரிடமும் விசாரணை. நான் 34 வருஷம் எடுத்த அட்டெண்டன்ஸ்கூட இதைவிட அன்பாக இருந்திருக்கும்.

இதற்குப் பெயர் அஜைலாம். 2001-ல் அமெரிக்காவின் யூட்டாவில் 17 மென்பொருள்காரர்கள் கூடி எழுதிய சின்ன அறிக்கை அது. நடைமுறைகளைவிட மனிதர்கள் முக்கியம், போட்ட திட்டத்தையே பிடித்துத் தொங்காமல் மாற்றத்துக்கு இடம் கொடுங்கள் என்பதுதான் அதன் சாரம். இவள் கம்பெனியிலோ முடிக்கும் தேதி ஒரு வருஷத்துக்கு முன்பே ஒப்பந்தத்தில் ஏறிவிட்டது. அந்த வேலையை இரண்டிரண்டு வாரமாக நறுக்கி 'ஸ்பிரிண்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். "இது இந்த ரெண்டு வாரத்துல முடியாதுன்னு சொன்னா அப்ரைசல்ல கை வெச்சுடுவாங்க டீச்சர்" என்கிறாள்.

இந்த வியாதி எனக்குத் தெரியும். 2007-08-ல் நம் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் செயல்வழிக் கற்றல் வந்தது. ஏணிப்படியில் ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் ஏறலாம். அருமையான யோசனை, இன்றும் சொல்வேன். ஆனால் பார்வைக்கு வந்த அதிகாரி, எத்தனை பேர் எந்த அட்டையில் என்று மட்டும்தான் கேட்டார். அவருக்குப் பயந்து, ஏறாத படியை ஒரு பையன் ஏறியதாக அட்டவணையில் குறித்தேன். குறித்தது நான்தான். அவன் அடுத்த அட்டையை வாசிக்க முடியாமல் என் முகத்தைப் பார்த்தது இன்னும் மறக்கவில்லை.

"பெரிய நிறுவனம் டீச்சர், பழைய நடைமுறை, ஒன்றும் செய்ய முடியாது" என்று சிலர் எழுதுவீர்கள். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யைவிடப் பழைய நடைமுறையா உங்களுடையது? வழக்குக் கோப்புகளுக்காக 17 கோடி டாலர் செலவழித்த மென்பொருளை 2005-ல் கைவிட்டார்கள். அடுத்து சென்டினல் என்ற திட்டத்தை வெளி நிறுவனத்திடம் கொடுத்தார்கள். அதுவும் இழுத்தது. 2010-ல் வேலையைத் தாங்களே எடுத்து, ஆட்களைக் குறைத்து, சிறிய குழுவாக்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓடுகிற மென்பொருளைக் காட்டச் சொன்னார்கள். 2011-ல் சோதனையில் திணறியபோது தேதியைத் தள்ளினார்கள். 2012 ஜூலையில் அது பயன்பாட்டுக்கு வந்தது. அங்கே முதலில் மாறியது மேலே இருந்தவர்கள் வேலை வாங்கிய விதம். உங்கள் கம்பெனியில் கீழே இருப்பவனுக்கு மட்டும்தான் பயிற்சி வகுப்பு, சான்றிதழ், சுவரில் ஒட்டும் வண்ணக் காகிதம் எல்லாம்.

மேனேஜர் பிள்ளைகளே, திங்கட்கிழமை உங்கள் கூட்டத்தில் யாராவது ஒருவர் "முடியாது" என்று சொல்லட்டும். அப்போது உங்கள் முகம் எப்படிப் போகிறது என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு எனக்குக் கமெண்டில் எழுதுங்கள். கோபமாக எழுதினாலும் பரவாயில்லை, எழுத்துப்பிழை மட்டும் வேண்டாம்.