காரில்லாதவனுக்கும் காப்பீடா?

சொந்தக் கார் இல்லாதவன் கார்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டுகிறான் என்றால் நமக்குச் சிரிப்பு வரும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அதுவே நடைமுறை. குடித்துவிட்டு ஓட்டி உரிமம் இழந்தவன் அதைத் திரும்பப் பெற, காப்பீட்டு நிறுவனம் அவனுக்காக ‘எஸ்.ஆர். 22’ என்னும் சான்றை அரசிடம் தர வேண்டும். கார் இல்லாவிட்டால், இரவல் கார் ஓட்டுவோருக்கான தனிக் காப்பீட்டை அவன் எடுக்க வேண்டும்.

‘தவறு செய்தவனுக்கு மறுபடியும் உரிமமா?’ எனச் சிலர் கேட்கலாம். நான் இதை வரவேற்கிறேன். இக்காப்பீடு அவனுக்கோ, இரவல் காருக்கோ இழப்பீடு தருவதில்லை; அவனால் அடிபடுகிறவருக்கே தருகிறது. ஒருவர் காயமுற்றாலோ இறந்தாலோ தர வேண்டிய குறைந்த அளவுக் காப்பு 15,000 டாலராக இருந்தது. 2025 முதல் 30,000 டாலர். காப்பீடு இடையில் முறிந்தால் நிறுவனம் அரசுக்குத் தெரிவிக்கும். உரிமம் மீண்டும் பறிபோகும்.

ஆனால் ஒரு குறை உண்டு. தவறிழைத்தவனுக்குக் கட்டணம் அதிகம். ஏழைகளுக்கென அம்மாநிலம் நடத்தும் மலிவுக் காப்பீடோ, நன்னடத்தையுள்ள, சொந்தக் கார் உடைய ஓட்டுநர்க்கே உரியது. கட்ட வழியற்றவன் காப்பீடின்றியே ஓட்டத் துணிந்தால் துன்புறுவது யார்? சாலையில் நடந்து செல்லும் குற்றமற்றவரன்றோ! தண்டனை கடுமையாக இருக்கட்டும். காப்பீடு மட்டும் கைக்கெட்டும் விலையில் இருக்கட்டும். அது குற்றவாளிக்குக் காட்டும் சலுகையன்று; வழிப்போக்கருக்குச் செய்யும் நீதி.